பாறையில் பறித்த சிப்பி, பானைக்கு வரும்வரை

பாறைக் கடற்கரையில் கிடைக்கும் சிப்பியையும் நத்தையையும் சமைப்பது பத்து நிமிட வேலை. பறிப்பதில்தான் சூட்சுமம் எல்லாம் இருக்கிறது. எந்தப் பாறை, எந்த நாள், மழை பெய்து எத்தனை நாளாயிற்று, நீர்மட்டத்துக்கு எவ்வளவு அருகில் என்பவற்றில் தவறினால், அந்தத் தவறை அடுப்பால் திருத்த முடியாது. சிப்பிக்குள் சேரும் நஞ்சுகளில் மிக மோசமானவை கொதிநீருக்கு அசைந்து கொடுப்பதில்லை. அதனால் இந்தக் குறிப்பில் சமையலைவிடத் தண்ணீருக்கும் பாறைக்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

தண்ணீரைப் படித்த பிறகே சிப்பி

கல்லுமக்காய், ஆளி போன்ற இரட்டை ஓட்டுச் சிப்பிகள் தண்ணீரை உறிஞ்சி, அதில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்பவை. வளர்ந்த ஒரு கல்லுமக்காய் மணிக்குச் சில லிட்டர் தண்ணீரை வடிகட்டும். தண்ணீரில் துளியாக இருப்பது அதன் உடலில் குவியலாகச் சேர்கிறது. குவிவது மூன்று வகை: கிருமி, ரசாயனம், பாசி நஞ்சு. மூன்றுக்கும் தற்காப்பு வேறு வேறு. இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலான விபத்துகளின் வேர்.

கிருமி கழிவுநீரோடு வருகிறது. ஆற்று முகத்துவாரம், சாக்கடை கலக்கும் இடம், கரையோரக் குடியிருப்பின் வடிகால் ஆகியவற்றின் பக்கத்தில் பறிக்கவே கூடாது. சுத்தமான கரையிலும் பெருமழைக்குப் பிறகு குறைந்தது மூன்று நாளாவது பொறுக்க வேண்டும். நிலத்தின் அழுக்கு முழுவதும் அப்போது கடலுக்கு வந்திருக்கும். 1988இல் ஷாங்காய் நகரில், கழிவுநீர் கலந்த நீரில் வளர்ந்த மட்டியை அரைவேக்காட்டில் உண்டதால் சுமார் 3 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் ஏ மஞ்சள் காமாலை வந்தது. விப்ரியோ என்ற பாக்டீரியா குடும்பம் வேறு ரகம். அது கழிவுநீர் இல்லாத வெதுவெதுப்பான கடலிலும் இயல்பாக வாழும். பறித்த சிப்பியை வெயிலில் வைத்தால் அதற்குள்ளேயே பெருகும். கிருமி விஷயத்தில் ஓர் ஆறுதல், முழு வேக்காட்டில் அது சாகும்.

ரசாயனம் சாகாது. துறைமுகம், படகு பழுதுபார்க்கும் இடம், தொழிற்சாலைக் கழிவு விழும் இடம் ஆகியவற்றின் பாறைகளில் சிப்பி எவ்வளவு கொழுத்திருந்தாலும் விட்டுவிட வேண்டும். படகின் அடிப்பாகத்தில் பூசும் வண்ணத்தில் செம்பு போன்ற உலோகங்கள் இருக்கும். ஊறவைத்தாலும் வேகவைத்தாலும் உலோகம் போகாது. இதற்கு இடத்தை மாற்றுவது ஒன்றே வழி.

மூன்றாவதான பாசி நஞ்சுதான் ஆளைக் கொல்வது. அலெக்ஸாண்ட்ரியம் போன்ற நுண்ணுயிர்ப் பாசிகள் பெருகும் காலத்தில் சாக்ஸிடாக்ஸின் என்ற நரம்பு நஞ்சு சிப்பியில் சேரும். சிப்பிக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. பார்க்கக் கொழுகொழுவென்று, மணமும் சுவையும் மாறாமல் இருக்கும். கொதி, ஆவி, பொரிப்பு, உறைநிலை எதுவும் அந்த நஞ்சை நம்பத்தக்க அளவில் அழிப்பதில்லை. பல நாடுகளில் அனுமதிக்கப்படும் உச்ச அளவு ஒரு கிலோ சதைக்கு 800 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பிகளால் நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். சிலர் இறந்தார்கள், சிலர் நினைவாற்றலை இழந்தார்கள். அங்கே வேலை செய்தது டோமாயிக் அமிலம் என்ற இன்னொரு பாசி நஞ்சு.

தண்ணீர் சிவந்திருந்தால் ஆபத்து, தெளிவாக இருந்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் நிறைய. அது உண்மையல்ல. நிறமே மாறாத நீரிலும் நஞ்சு எல்லை மீறலாம். வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா என்று பார்ப்பது, பூண்டு போட்டு வேகவைப்பது, நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பது எல்லாம் வெறும் நம்பிக்கைகள். ஆங்கிலப் பெயரில் ‘ஆர்’ எழுத்து வரும் மாதங்களில் மட்டும் தின்னலாம் என்ற பழைய விதி, வடக்கின் குளிர்க் கடல்களில் கோடைக்காலத்தைத் தவிர்க்க உதவிய ஒரு தோராயக் கணக்கு. வெப்பக் கடல்களுக்கும் தென்பாதி உலகுக்கும் அது பொருந்தவே பொருந்தாது. கலிபோர்னியாவில் ஒவ்வோர் ஆண்டும் மே 1 முதல் அக்டோபர் 31 வரை கடலோரக் கல்லுமக்காயை உணவுக்குப் பறிக்கத் தடை உண்டு. அதற்கு வெளியே உள்ள மாதங்களிலும் சோதனையில் நஞ்சு தெரிந்தால் தனியாகத் தடை போடுவார்கள். ஆகவே நாள்காட்டியை நம்பிப் போகாமல், அந்தக் கரையைச் சோதிக்கும் மீன்வளத் துறை அல்லது சுகாதாரத் துறையின் அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். சோதனையே நடக்காத கரையில் வடிகட்டித் தின்னும் சிப்பியை எடுக்காமல் இருப்பதே எங்கள் முடிவு. இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

சிப்பி தின்ற சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் உதடு, நாக்கு, விரல் நுனி மரத்துப்போனாலோ ஊசி குத்துவதுபோல் இருந்தாலோ, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தூங்கி எழுந்தால் சரியாகும் என்று படுக்கக் கூடாது. முற்றினால் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். இதற்கு மாற்று மருந்து இல்லை, செயற்கைச் சுவாசம் கொடுத்துத்தான் காப்பாற்றுகிறார்கள். மீதமிருக்கும் சிப்பியையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போனால் மருத்துவருக்கு உதவும்.

பாசியைச் சுரண்டித் தின்னும் நத்தைகளுக்கு இந்த ஆபத்து குறைவு. அறவே இல்லை என்று சொல்ல முடியாது. புதிதாகத் தொடங்குபவர் லிம்பெட் என்ற கூம்பு ஓட்டு நத்தை, சிறு கரைநத்தை ஆகியவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. ஆனால் சிப்பியைத் துளைத்துத் தின்னும் வேட்டை நத்தைகள், இரையின் நஞ்சையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். அவற்றைச் சிப்பியின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

வற்றமும் அலையும்

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் கழித்துக் கடல் மிக அதிகமாக வற்றும். மற்ற நாட்களில் நீருக்குள் இருக்கும் பாறைகள் அப்போதுதான் வெளியே தெரியும். நல்ல சிப்பி அங்கேதான் இருக்கிறது. உச்சிப் பாறையில் உள்ளவை நாளின் பெரும்பகுதி காய்ந்து கிடப்பதால் குறைவாகத் தின்று, ஓடு தடித்து, சதை சிறுத்திருக்கும். கீழே உள்ளவை அதிக நேரம் தண்ணீரில் இருப்பதால் ஓடு மெலிந்து, சதை நிறைந்திருக்கும்.

கடல் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையில் வற்றத்தின் நேரத்தைப் பார்த்து, அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் இறங்கி, இறங்கும் நீரைத் தொடர்ந்து போக வேண்டும். வற்றம் முடியும் நிமிடம்தான் திரும்பும் நிமிடம். ஏன் இவ்வளவு கறார்? நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் கடலில் ஒரு ஏற்றத்துக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். அந்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால் மணிவாரியாக 1, 2, 3, 3, 2, 1 பங்கு நீர் ஏறும். மொத்த ஏற்றம் 3 மீட்டர் என்றால் முதல் மணியில் 25 சென்டிமீட்டர்தான். அது கண்ணுக்கே தெரியாது. மூன்றாவது மணியில் 75 சென்டிமீட்டர். முதல் மணியின் மெதுவான நீரைப் பார்த்து ஏமாந்தவருக்குத் திரும்பும் வழி பின்னால் மூடியிருக்கும்.

ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டருக்கும் குறைவான கடல்களில் ஓதத்தைவிட அலைதான் எஜமான். இறங்குவதற்கு முன் பாதுகாப்பான உயரத்தில் நின்று கால் மணி நேரமாவது பார்க்க வேண்டும். அலைகள் கூட்டமாக வரும். பத்து நிமிடம் சாதுவாக இருந்துவிட்டு அடுத்தடுத்து நான்கைந்து பெரிய அலை அடிக்கும். பெரிய அலை நனைத்த கோட்டுக்கு மேலேதான் நமக்கு இடம். அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள சிப்பி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது கடலுக்குரியது. தனியாகப் போகக் கூடாது, கடலுக்கு முதுகு காட்டக் கூடாது, ரப்பர் அடிப்பாகம் உள்ள மூடிய காலணி வேண்டும். கறுத்து வழவழப்பான பாசி படிந்த பாறையைவிடக் கொட்டலசு என்ற கூர் ஓட்டு உயிர் ஒட்டிய சொரசொரப்பான பாறை காலுக்குப் பிடிமானம் தரும்; ஆனால் கையை அது கிழித்துவிடும். ஆகவே தடித்த கையுறையும் வேண்டும்.

கல்லுமக்காய்

பாறையோடு இதைக் கட்டி வைத்திருப்பது அதன் நார்க்கற்றை. பிடுங்கினால் நாரோடு உள்சதையும் பிய்ந்து, பை நிறையச் சாகும் சிப்பிதான் மிஞ்சும். குட்டையான, வளையாத, நுனி மழுங்கிய கத்தியை ஓட்டுக்கும் பாறைக்கும் நடுவே நுழைத்து நாரை அறுக்க வேண்டும். நாரின் மிச்சம் சிப்பியிலேயே இருக்கட்டும். சமைப்பதற்குச் சற்று முன் எடுத்தால் போதும். முன்கூட்டியே உருவினால் சிப்பி சீக்கிரம் சாகும்.

ஒரே இடத்தில் வழித்தெடுப்பது பெரிய தவறு. கல்லுமக்காய்க் கூட்டம் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பது. நடுவே ஒரு கையகலம் வெறுமையானால், அலை அந்த ஓட்டையின் ஓரத்தைப் பிடித்து உரிக்கத் தொடங்கும். நாம் எடுத்ததைவிட அலை எடுப்பது அதிகமாகிவிடும். இங்கே இரண்டு, அங்கே மூன்று என்று கலைத்துக் கலைத்து எடுக்க வேண்டும். அரசு விதித்த குறைந்தபட்ச அளவு இருந்தால் அதுவே எல்லை. இல்லாத இடத்தில் 5 சென்டிமீட்டருக்குக் குறைந்ததைத் தொடாமல் விடுவது நியாயம். ஓட்டில் ஒட்டிவரும் குஞ்சுச் சிப்பிகளை அந்தப் பாறையிலேயே உதிர்த்துவிட வேண்டும். ஓட்டோடு ஒரு கிலோ எடுத்தால் சதை 200 முதல் 250 கிராம் வரை தேறும். ஆளுக்கு அரைக் கிலோ என்று எண்ணிக்கொண்டு நிறுத்திக்கொள்ளலாம்.

லிம்பெட்

கூம்புத் தொப்பி கவிழ்த்தாற்போல் பாறையில் ஒட்டியிருக்கும் ஒற்றை ஓட்டு நத்தை இது. ஒரே அடிதான் வாய்ப்பு. அது சாவகாசமாக இருக்கும்போது, ஓட்டின் அடியோரத்தில் பக்கவாட்டில் கல்லாலோ மழுங்கிய கத்தியின் முதுகாலோ சுருக்கென்று ஒரு தட்டு தட்டினால் கழன்று விழும். முதலில் மெல்லத் தொட்டு எச்சரித்துவிட்டால் இறுக்கிக்கொள்ளும். பிறகு நெம்பினால் ஓடு உடையுமே தவிர நத்தை வராது. இறுக்கியதை விட்டு அடுத்ததற்குப் போவதே புத்தி. உடைந்ததைப் பாறையில் விட்டால் வீண் சாவு.

பெரியதாகப் பார்த்து எடுக்கும் ஆசையை இதில் அடக்க வேண்டும். ஐரோப்பியக் கரைகளில் பரவலாக உள்ள லிம்பெட் இனம் ஆணாகத் தொடங்கி, வளர்ந்தபின் பல பெண்ணாக மாறும். மிகப் பெரியவற்றை மட்டும் எடுத்தால் முட்டையிடுபவை போய்விடும். நடுத்தர அளவில் எடுத்து, மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் விடுவது நல்லது. பாறையைச் சுரண்டிச் சுத்தமாக வைத்திருப்பதும் இவைதான். 1967இல் டோரி கேன்யன் எண்ணெய்க் கப்பல் விபத்துக்குப் பிறகு எண்ணெயை அகற்றத் தெளித்த ரசாயனம் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் லிம்பெட்களைக் கொன்றது. அந்தப் பாறைகள் பச்சைப் பாசியால் மூடிக்கொண்டன, பழைய நிலைக்குத் திரும்பப் பல ஆண்டுகள் ஆயின.

மற்றவை, தொடக்கூடாதவை

கரைநத்தைகளைக் கையால் பொறுக்கிவிடலாம். 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்டவை போதும். பாறையில் சிமெண்டுபோல் ஒட்டிய ஆளியை முழுதாகப் பெயர்க்காமல், மேலோட்டைத் திறந்து சதையை எடுத்துக்கொண்டு அடியோட்டைப் பாறையிலேயே விட வேண்டும்; அடுத்த தலைமுறைக் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ளப் பழைய ஓடுதான் அவற்றுக்குப் பிடித்த இடம். புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வைக்க வேண்டும். வெயில் பட்டால் அதன் அடியில் இருப்பவை எல்லாம் சாகும்.

வெப்பக் கடல்களில் கூம்பு வடிவ, அழகான கோலமிட்ட ஓடுள்ள நத்தையைக் கையில் எடுக்கவே கூடாது. கூம்பு நத்தைகள் நஞ்சு தோய்ந்த பல்லை ஈட்டிபோல் எய்பவை. சில இனங்களின் கொட்டு மனிதரைக் கொன்றிருக்கிறது, அதற்கு மாற்று மருந்து இல்லை. குளிர்க் கடலின் சில பெரிய வேட்டை நத்தைகளின் உமிழ்நீர்ச் சுரப்பியில் டெட்ராமின் என்ற நஞ்சு உண்டு. வேகவைத்தாலும் அது போகாது, சுரப்பியையே வெட்டி எறிய வேண்டும். சுரப்பியை அடையாளம் காணத் தெரியாதவர் அந்த நத்தையை எடுக்காமல் இருக்கட்டும்.

கொண்டுவருவதும் வைப்பதும்

மூடிய பிளாஸ்டிக் பையும் நல்ல தண்ணீர் வாளியும் சிப்பியின் எமன்கள். முதலாவதில் மூச்சு முட்டும், இரண்டாவதில் உப்பின்றிச் சாகும். ஈரத் துணியோ கடற்பாசியோ மூடிய வலைப்பையே சரி. பனிக்கட்டி வைத்தால் இடையில் துணி விரித்து, உருகும் நீர் சிப்பியில் தேங்காமல் வடியவிட வேண்டும். குளிர்ப்பெட்டியில் 2 முதல் 5 டிகிரிக்குள் வைத்து அன்றே சமைப்பது நல்லது.

பாறைக் கல்லுமக்காயில் மணல் குறைவு, சுத்தமான கடல்நீரில் இரண்டு மணி நேரம் போதும். கரைநத்தைக்கு ஓர் இரவு, இடையில் ஓரிரு முறை நீர் மாற்றி. கடல்நீர் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைக்கலாம். நத்தைப் பாத்திரத்தைக் காற்றுப் புகும்படி மூட வேண்டும், இல்லாவிட்டால் விடிவதற்குள் சுவரெல்லாம் நத்தை. இப்படி ஊறவைப்பதால் போவது மணலும் குடல் கசடும் மட்டுமே. பாசி நஞ்சோ வைரஸோ போகாது.

அடுப்பில்

சமைப்பதற்கு முன் கல்லுமக்காயை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாய் திறந்திருப்பதைத் தட்டினால் மூட வேண்டும்; மூடாவிட்டால் செத்தது. மூடியிருப்பதை நம்பிவிடவும் கூடாது. கட்டைவிரலால் இரு ஓடுகளையும் எதிரெதிர்ப் பக்கமாக நகர்த்திப் பார்த்தால், உயிருள்ளது இறுகி நிற்கும். சேறு நிரம்பிய வெற்று ஓடு வழுக்கித் திறக்கும். சேற்று ஓடு ஒன்று பானைக்குள் திறந்தால் அந்தப் பானைச் சாறே பாழ். பிறகு நாரைக் கீல் இருக்கும் கூர்முனைப் பக்கமாக இழுத்து உருவ வேண்டும். எதிர்ப் பக்கம் இழுத்தால் சதை கிழியும்.

ஒரு கிலோவுக்கு அகன்ற, மூடியுள்ள பாத்திரம். இரண்டு கரண்டி எண்ணெயில் தட்டிய பூண்டு ஐந்து பல், நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, இடித்த மிளகு ஒரு சிறு கரண்டி. பூண்டு சிவக்கும் முன்பே 100 மில்லி தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும் சிப்பியைக் கொட்டி மூட வேண்டும். உப்பு வேண்டாம், சிப்பியே கடல்நீரைக் கக்கும். மூன்று நான்கு நிமிடத்தில் ஓடுகள் திறக்கும். பலர் அங்கே இறக்கிவிடுகிறார்கள். ஓடு திறப்பது தசை தளர்ந்ததற்கு அடையாளம், கிருமி செத்ததற்கு அல்ல. வாந்தியும் பேதியும் தரும் நோரோ வைரஸ் போன்றவை அடங்க, சதையின் நடுப்பகுதி 90 டிகிரியில் 90 விநாடி இருக்க வேண்டும். ஆகவே எல்லாம் திறந்த பின் ஒருமுறை குலுக்கி, மூடி, இன்னும் 3 முதல் 5 நிமிடம் கொதியில் வைக்க வேண்டும். சதை சற்று இறுகும்தான். சோதிக்கப்பட்ட பண்ணைச் சிப்பிக்குப் பொருந்தும் மென்மையைப் பாறைச் சிப்பியில் தேடக் கூடாது. பாத்திரத்தை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பினால் அடியில் உள்ளவை ரப்பராகும்போது மேலே உள்ளவை பச்சையாக இருக்கும்; இரண்டு ஈடாகப் போடுவது மேல். கடைசிவரை திறக்காததை நெம்பிப் பார்க்காமல் எறிந்துவிடலாம். சாற்றை மெல்லிய துணியில் வடிகட்டி, ருசி பார்த்து, எலுமிச்சை பிழிந்து ஊற்றிக்கொள்ளலாம்.

லிம்பெட்டுக்கு வேறு கணக்கு: மிகக் குறைந்த நேரம் அல்லது மிக நீண்ட நேரம். அதன் பாதம் முழுக்கத் தசை. சூடு பட்டதும் சுருங்கி நீரைப் பிழிந்துவிட்டு விறைக்கும். நீண்ட நேரம் ஈரச்சூட்டில் கிடந்தால்தான் இணைப்புத் திசு கரைந்து மறுபடி இளகும். சிறியவற்றை ஓட்டோடு மல்லாக்க வைத்து, சிறிது எண்ணெயும் நசுக்கிய பூண்டும் இட்டு, தணலிலோ தவாவிலோ சாறு கொதித்துச் சதை ஓட்டைவிட்டுக் கழலும் வரை, ஏறத்தாழ ஐந்து நிமிடம் சுடலாம். பெரியவற்றைக் கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு ஓட்டைக் கழற்றி, கருநிறக் குடல் பையைக் கிள்ளி எறிந்து, பாதத்தை மரக்கட்டையால் இரண்டு தட்டு தட்டி, குழம்பிலோ வெறும் நீரிலோ சிறுதீயில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் விட வேண்டும். இடைப்பட்ட பதினைந்து இருபது நிமிடத்தில் எடுத்தால் மெல்ல முடியாது.

கரைநத்தையை உப்புநீர் தளதளவென்று கொதிக்கையில் போட்டு ஐந்து நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் இழுக்கும்போது பாதியில் அறும். வாயை அடைத்திருக்கும் கொம்புபோன்ற மூடியை எடுத்துவிட்டு, ஊசியைக் குத்தி, ஓட்டின் சுருள் போகும் போக்கிலேயே திருகி இழுத்தால் முழுதாக வரும்.

இறாலோ நண்டோ ஒவ்வாதவருக்குச் சிப்பியும் ஒவ்வாமல் போகலாம். பரிமாறும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மிஞ்சிய கல்லுமக்காயை ஓட்டிலிருந்து எடுத்து, வடிகட்டிய சாற்றில் மூழ்கும்படி மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மறுநாளைக்கு ஆகும். உறையவிடுவதானாலும் சாற்றோடுதான், இல்லாவிட்டால் சதை காய்ந்து நாராகும். உறைந்ததைக் குளிர்ப்பெட்டியிலேயே இளகவிட்டு, கொதிக்கும் குழம்பில் கடைசி ஓரிரு நிமிடத்தில் சேர்த்து நன்றாகச் சூடேறியதும் இறக்கிவிட வேண்டும்.